கீத்லியில் வசிக்கும் நாற்பத்தோரு வயதுப் பெண்மணி

என்னுடைய போன் நம்பர். டாக்டர் ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார், என் விரல்களுக்கு அந்தப் பொறுமை இல்லை, அவர் ஐந்தாவது எண்ணில் இருக்கும்போதே திரையில் பத்தும் நிற்கின்றன. அவர் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வருகிறார், ஆறாவது சரி, ஏழாவது சரி, கடைசி இரண்டும்கூடச் சரி. காலைப் பெடலிலிருந்து எடுத்தேன், ஹெட்போனில் குரல் நின்றது. கேட்பதற்கு முன்னால் எப்படி அடித்தேன்? ரேஷன் கடையில், பாங்க்கில், கூரியர்க்காரனிடம் என்று இருபது வருஷமாக எழுதிக்கொடுத்து விரலுக்கே மனப்பாடமாகிவிட்ட நம்பர், அதனால்தான். வேறு யாருக்காவது இதே நம்பர் இருக்குமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தேன் என்றால் பாருங்கள், நாற்பத்தேழு வயது மனுஷன், ஒரே நம்பரை இரண்டு பேருக்குக் கொடுப்பார்களா. அதற்கு மேலே இருக்கும் வரியையும் நான்தான் அடித்திருக்கிறேன், இங்கிலீஷில்தான் அடித்திருக்கிறேன், மனசு அதைத் தமிழில் படிக்கிறது. இறப்புக்குப் பிறகு தகவல் தெரிவிக்க வேண்டியவர்: சகோதரர், இந்தியா. அதற்கு முன்பு அவருக்குத் தெரிவிக்கக் கூடாது என்பது நோயாளியின் விருப்பம். யாருடைய இறப்பு? மறுபடி பெடலை மிதித்தேன், குரல் மூன்று விநாடி பின்னால் போய் மறுபடி ஆரம்பித்தது, மறுபடி என் நம்பர், மறுபடி ஒவ்வொன்றாக. எட்டு நிமிஷம் பத்து விநாடி ஓடியிருக்கிறது. மொத்த ஃபைல் பதினொன்றரை நிமிஷம். இந்த எட்டு நிமிஷத்தில் நான் இரண்டு பக்கம் அடித்து முடித்திருக்கிறேன், ஒரு வார்த்தையில்கூடத் தடுக்கவில்லை, நடுவில் ஒரு தரம் சிரிக்கக்கூடச் செய்தேன். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்கள், எனக்கு இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தன, அதுதான் என் பிழைப்பு.

இங்கிலாந்து டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, அவரை அனுப்பிய குடும்ப டாக்டருக்கு எழுத வேண்டிய கடிதத்தைக் கருவியில் பேசி வைப்பார்கள், அது ராத்திரியோடு ராத்திரியாகத் திருச்சிக்கு வந்துவிடும், காலையில் நாங்கள் முப்பது பேர் கண்டோன்மென்ட்டில் இந்த மாடியில் உட்கார்ந்து அதை அடித்து அனுப்புவோம். இப்போது கணினியே கேட்டு அடித்துக்கொள்கிறது, அதற்குப் புரியாத உச்சரிப்புக்காரர்கள்தான் என்னிடம் வருவார்கள், இந்தப் புது டாக்டர் ஸ்காட்லாந்துக்காரர் போல ரகரத்தை உருட்டு உருட்டென்று உருட்டுகிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அர்த்தத்தைக் கேட்காதே, வார்த்தையைக் கேள் என்பதுதான். அர்த்தத்தைக் கேட்க ஆரம்பித்தால் கை நின்றுவிடும், ஒவ்வொரு சாவுக்கும் அழ வேண்டியதாகிவிடும். காதிலிருந்து விரலுக்கு நேர்வழி ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும், மனசு வழியாகச் சுற்றிப் போகக் கூடாது. நான் அந்த வழியைப் போட்டு அதற்குத் தார் ஊற்றிப் பதினேழு வருஷம் ஆகிறது. மனசு அந்த நேரத்தில் தண்ணீர் லாரி வந்ததா, சின்னவனுக்கு சைக்கிள் ட்யூப் மாற்றணுமே என்று ஊர் மேயும். காதில் விழாத வார்த்தைக்கு ஊகித்து எதையும் போடக் கூடாது, கோடு போட்டு நேரத்தைக் குறித்துவிட வேண்டும், அதற்கு பிளாங்க் என்று பெயர், நான் மாசத்துக்கு இரண்டு பிளாங்க் விட்டாலே அதிகம். டாக்டர் சொல்லாத ஒரு வார்த்தையை இதுவரை நான் சேர்த்ததில்லை, சொன்னதை விட்டதும் இல்லை. நோயாளியின் பெயர் எங்களுக்கு வராது, ஒரு எண் வரும், வயசு வரும், ஊர் வரும். ஊர்தான் என் கெட்டிக்காரத்தனம். இங்கிலாந்துக்காரன் எழுதுவது ஒன்று வாயில் சொல்வது ஒன்று, லெஸ்டரும் வூஸ்டரும் எழுத்தில் எவ்வளவு நீளம் என்று பார்த்தால் தலை சுற்றும். புதுப் பிள்ளைகளுக்காக நான் ஒரு பட்டியல் எழுதி ஒவ்வொரு மேஜைக்கும் ஒட்டியிருக்கிறேன், சவரி சார் லிஸ்ட் என்று அதற்குப் பெயர். அதில் முதல் ஊர் கீத்லி. அகரவரிசைப்படி பார்த்தால் முதலில் வர வேண்டிய ஊர் இல்லை அது, ஏன் முதலில் இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

என் தங்கை பிலோமினா அங்கே இருக்கிறாள், அதனால்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் முதியோர் இல்லத்தில் கவனிப்பு வேலைக்கு என்று போனாள். வேலை உத்தரவில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு நான் பெரிய மேதாவி போலக் கெய்லி என்று வாசித்தேன், திருச்சி முழுக்க எல்லாரிடமும் என் தங்கச்சி கெய்லிக்குப் போகிறாள் என்று சொன்னேன், விமானம் ஏற்றிவிடும்போதும் கெய்லிதான். போய் இறங்கிய மறுநாள் போன் பண்ணி, நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று சொல்வதற்கு முன்னால் சிரித்தாள். டாக்ஸிக்காரரிடம் கெய்லி என்றதும் அவர் வண்டியை ஓரமாக நிறுத்திச் சொல்லிக்கொடுத்தாராம், நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கீத்லி. எழுத்தில் அந்த ஓசைக்கு அடையாளமே கிடையாது, ஊர்க்காரன் சொல்லித்தான் தெரியும், வெளியூர்க்காரன் வாயைத் திறந்தாலே மாட்டிக்கொள்வான். நம் ஊரை ட்ரிச்சினாப்பளி என்று நாசமாக்கினவர்களுக்கு இதுவும் வேண்டும் இன்னமும் வேண்டும் என்று நான் சொன்னேன். பிலோவுக்கு எதையும் அரைகுறையாக விட முடியாது, மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுக் காகிதத்தைக்கூட முழுசாகப் படிப்பவள், ஊர் நூலகத்துக்குப் போய் அர்த்தத்தையும் தேடிப் பிடித்தாள். யாரோ ஒருத்தன் அங்கே காட்டை வெட்டி வெளி பண்ணியிருக்கிறான், அவன் பெயரும் அந்த வெட்டவெளியும் சேர்ந்ததுதான் ஊர்ப் பெயராம். நம்ம பக்கத்துக் காடுவெட்டிதாண்ணே இது, இதுக்குப் போயி ஏரோப்ளேன் ஏறி வந்திருக்கேன் என்றாள். அவன் நல்லவனா கெட்டவனா, பெண்டாட்டி பிள்ளை உண்டா ஒன்றும் தெரியாது, பெயர் மட்டும் மிச்சம், அதையும் இவர்கள் சரியாகச் சொல்வதில்லை. முதல் வருஷம் 'இங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், அப்புறம் 'கீத்லில' என்றாள், போன வருஷத்திலிருந்து 'நம்ம ஊர்ல' என்கிறாள். நம்ம ஊரில் மழை என்கிறாள், நான் ஜன்னலைப் பார்க்கிறேன், இங்கே வெயில் கொளுத்துகிறது, அப்புறம்தான் புரிகிறது. எனக்குச் சுருக்கென்றிருந்தது, பொறாமைதான், ஒளிப்பானேன். அதற்காகவோ என்னவோ வரிசையில் கீத்லி என்று எந்த ஃபைல் வந்தாலும் மற்றவர்களுக்கு முன்னால் அதை நான் இழுத்துக்கொள்வேன். மூட்டு வலிக் கிழவர்கள், சர்க்கரை நோய்க்காரர்கள், பனியில் வழுக்கி இடுப்பு உடைந்த சீமாட்டிகள், அவர்கள் எல்லாரையும் என் தங்கை கடைத்தெருவில் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அடிப்பேன். எந்த ஆஸ்பத்திரிக்கு அடிக்கிறோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம், அதனால் அவளுக்கு இது தெரியாது. அண்ணன் எந்தச் சீமை டாக்டருக்கோ அடிக்கிறான் என்பது மட்டும்தான் தெரியும்.

இன்றைக்கும் அப்படித்தான் இழுத்தேன். எனக்கென்று யாரும் அனுப்பவில்லை, நானாகக் கையை நீட்டி எடுத்துக்கொண்டேன். பெடலை விடாமல் தட்டித் தட்டி ஆரம்பத்துக்குப் போகிறேன். கெய்லியில் வசிக்கும் இந்த இனிய நாற்பத்தோரு வயதுப் பெண்மணி என்று ஆரம்பிக்கிறார் டாக்டர், எல்லா நோயாளியும் அவர்களுக்கு இனியவர்தான், முகத்தில் துப்பினால்கூட இந்த இனிய பெண்மணி துப்பினார் என்றுதான் எழுதுவார்கள். உடனே நிறுத்தி, மன்னிக்க வேண்டும், கீத்லி, நோயாளி என்னை இரண்டு முறை திருத்திவிட்டார் என்று சிரிக்கிறார். அங்கேதான் நானும் சிரித்தேன். சபாஷ் என்றுகூட வாய்க்குள் சொன்னேன், ஊர்க்காரி யாரோ, விடமாட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சாகக் கிடக்கும்போது டாக்டரின் உச்சரிப்பைத் திருத்துகிற பெண் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா. இடது மார்பில் புற்றுநோய், போன அக்டோபரில் மார்பை எடுத்துவிட்டார்கள், இப்போது முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் பரவியிருக்கிறது, சிகிச்சை குணப்படுத்துவதற்காக அல்ல, வலியில்லாமல் வைத்திருப்பதற்காக. இதையெல்லாம் நான் அடித்தேன். வலியில்லாமல் வைத்திருப்பதற்கு இங்கிலீஷில் பேலியேட்டிவ் என்று ஒரே வார்த்தை, அதைப் புதுப் பிள்ளைகள் பாதிப் பேர் தப்பாக அடிப்பார்கள், நான் சரியாக அடித்தேன் என்று ஒரு திருப்திகூட இருந்தது, என் விரலை வெட்டிப் போட வேண்டும். ஐந்தாவது நிமிஷத்தில் அவர் சொல்கிறார், இடது தோளிலிருந்து முழங்கை வரை பழைய வெந்த தழும்பு, தோல் இழுத்துப் பிடித்திருப்பதால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, கதிர்வீச்சுக்குப் படுக்க வைப்பது சிரமமாக இருக்கும். ஐந்து வயதில் கொதிக்கும் கஞ்சிப் பானையைத் தானே இழுத்து மேலே கொட்டிக்கொண்டாராம். அங்கே என் விரல் அரை விநாடி நின்றது. இப்போது நினைத்துப் பார்த்தால் நின்றது. இந்தியச் சமையலறையில் வெந்த பெண்கள் லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று அதற்கு நானே சமாதானம் சொல்லி, தார் ரோட்டில் மறுபடி ஓட்டிவிட்டேன்.

அவள் இழுக்கவில்லை. நான் தள்ளினேன். எனக்குப் பதினோரு வயது, என் பட்டத்தின் வாலை அவள் பிய்த்துத் தன் மரப்பாச்சிக்குத் தாவணி கட்டிவிட்டாள், அதற்காகத் துரத்தினேன், சமையலறைக்குள் ஓடினாள், முதுகில் கையை வைத்துத் தள்ளினேன். அம்மா சோற்றுப் பானையைக் கஞ்சி வடியச் சாய்த்து வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போயிருந்த நேரம். அந்தச் சத்தம் வேண்டாம், அதை நான் நினைக்கப் போவதில்லை. அம்மா ஓடி வந்தபோது, வெந்துபோய்க் கிடந்த ஐந்து வயசுப் பிள்ளை, அப்பாவின் பெல்ட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குவதை ஒரு தரம் பார்த்துவிட்டு, நான்தான் இழுத்தேன் என்றது. அதை யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆஸ்பத்திரியில் அதையேதான் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் அதையேதான் சொன்னாள், அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகும் எங்களுக்குள் அந்தப் பேச்சு வந்ததே இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடத் தங்கச்சியோடு சண்டை போட்டேன் என்று மட்டும்தான் சொன்னேன், மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார், மலிவாக முடிந்தது. அவளுக்கு மூன்று வரன்கள் வந்தன. மூன்றாவது வரனில் மாப்பிள்ளையின் அக்கா தலைவாரி விடுகிற சாக்கில் முந்தானையை விலக்கித் தோளைப் பார்த்துவிட்டாள், காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அன்றைக்கும் பிலோதான் சிரித்தாள், நல்ல காப்பி வீணாய்ப் போச்சே என்று அவர்கள் வைத்துவிட்டுப் போன தம்ளரை எடுத்துத் தானே குடித்தாள். தம்ளர் இருந்த முக்காலியை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாற்பத்தோரு வயதில், கீத்லியில், முன்பின் தெரியாத ஒரு டாக்டரிடம், சாகப் போகிறோம் என்று தெரிந்த பிறகும், தானே இழுத்துக்கொண்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர். அக்டோபரில் என்ன சொன்னாள்? போன் கேமரா உடைந்துவிட்டது, இனிமேல் முகம் பார்த்துப் பேச முடியாது என்றாள். கஞ்சப் பிசினாறி, புதுப் போன் ஒன்று வாங்கித் தொலையேன் என்று நான் கேலி பண்ணினேன், எட்டு மாசமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொல்லிக் கேலி பண்ணிக்கொண்டிருக்கிறேன். முடி கொட்டியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு ஏன் வரவில்லை என்று நான்கு நாள் பேசாமல்கூட இருந்தேன், விடுமுறை கிடைக்கவில்லை என்றாள், நீ அங்கத்தியக்காரி ஆயிட்டே என்றேன். அதைச் சொன்னது நான்தான். பொங்கலுக்குச் சேலையும் ரவிக்கையும் அனுப்பி அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்டதற்கு ரவிக்கை கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது என்றாள், அங்கே சாப்பாடு சரியில்லையாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். ஊரான் நோயை எல்லாம் பதினேழு வருஷமாகக் காதால் கேட்டு அடிக்கிறவனுக்குத் தன் தங்கையின் குரலில் ஒன்றும் கேட்கவில்லை. போன ஞாயிறு பேசும்போது வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்கினாள், மாடி ஏறுகிறேன் என்றாள். டாக்டர் ஒருத்தர் அப்படி நிறுத்தி நிறுத்திப் பேசியிருந்தால், ஏன் நிறுத்துகிறார் என்று மூன்று தரம் பெடலைத் தட்டிக் கேட்டிருப்பேன்.

முதுகுக்குப் பின்னால் மெஹர் வந்து நிற்பது தெரிந்தது. எங்கள் குழுத் தலைவி, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள், அதட்டமாட்டாள். கீத்லி ஃபைல் பன்னிரண்டரைக்குள் போக வேண்டும் என்று நினைவுபடுத்தினாள், என் முகத்தைப் பார்த்து பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று விசாரித்தாள். போட்டேன் என்றேன். மணி பதினொன்று ஐம்பது. விதி ஒன்று இருக்கிறது, மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கிறது, நோயாளி தெரிந்தவர் என்று தோன்றினால் உடனே நிறுத்திவிட்டுக் குழுத் தலைவியிடம் ஃபைலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இங்கிருந்து ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற நோயாளி எங்களுக்கு எப்படித் தெரிந்தவராவார் என்று சிரிப்போம், இதுவரை யாரும் கொடுத்ததில்லை. கொடுத்தால் காரணம் எழுத வேண்டும், காரணம் ஆஸ்பத்திரிக்குப் போகும், அவர்கள் பிலோவை உட்கார வைத்து, அம்மா, உங்கள் விஷயம் கசிந்துவிட்டது, உங்கள் அண்ணனுக்கே தெரிந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்பார்கள். எட்டு மாசமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் காப்பாற்றி வைத்ததை வேறு யாரோ வந்து போட்டு உடைப்பார்கள். கொடுக்காமல் அடித்து அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டால்? ஞாயிறு ஞாயிறாகக் கேமராவைப் பற்றிக் கேலி பண்ணிக்கொண்டு, பிறகு என்றைக்கோ ஒரு நாள் இந்த நம்பருக்கு ஒரு போன் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும், யாரோ ஒரு வெள்ளைக்காரி, நீங்கள்தான் சகோதரரா என்பாள், நான் அதிர்ச்சி அடைந்ததாக நடிக்க வேண்டும். நேராகவே எல்லாம் தெரியும் என்று அவளிடம் சொல்லிவிட்டால்? வேலை போகும், போகட்டும். ஆனால் அண்ணனுக்குத் தெரியக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் கேட்டுக்கொண்டது. மார்பு போய், முடி போய், முதுகெலும்பு போகிறவள் அந்த டாக்டரிடம் வேறு எதையும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. பெடலை மிதிப்பதும் விடுவதுமாக இருந்தேன், குரல் துண்டு துண்டாக வந்தது, இனிய, இனிய, இனிய.

கூடத்துக்குள் போன் கொண்டு வரக் கூடாது, வெளியே நடையில் இரும்புப் பெட்டிகளில் வைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டும். எழுந்து போனேன். என் பெட்டியின் சாவி சரியாக நுழையவில்லை, யாருடைய பெட்டியையோ திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடமிருந்து காலையிலேயே செய்தி வந்திருந்தது, ரோஜாப்பூப் போட்டுக் காலை வணக்கம், தினமும் வருவது, நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அங்கே இப்போது காலை ஏழு மணி தாண்டியிருக்கும். கூப்பிட்டேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"என்னண்ணே, புதன்கெழம போன் பண்ற? வீட்ல எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க?"

எல்லாரும் நல்லா இருக்கிறார்கள் என்றேன். அப்புறம் வாயில் வந்தது இதுதான்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான். கெய்லில மழையா?"

சிரித்தாள், சிரித்து முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

"கீத்லிண்ணே. ஊருக்கே சொல்லிக் குடுக்குற ஆளு, இன்னும் கெய்லிங்கிற."

"வாயில வர மாட்டேங்குது."

"நாக்கப் பல்லுக்கு நடுவுல வையி. கீத்... லி."

கீத்லி என்றேன். ஆங், அவ்வளவுதான் என்றாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்கிற குரலில். அவளுக்குப் பின்னால் யாரோ கரண்டியால் கோப்பையைக் கலக்கும் சத்தம் கேட்டது, கூடத் தங்கியிருக்கும் பெண்களில் ஒருத்தியாக இருக்கும், டாக்டர் சொல்லியிருக்கிறார், கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. இன்னும் கேமரா சரியாகவில்லையா என்று கேட்டேன். இந்த முறை கேலியாகக் கேட்கவில்லை, அது அவளுக்குத் தெரிந்ததா தெரியவில்லை.

"இங்க எதையும் சரி பண்ண மாட்டாங்கண்ணே, வலிக்காம வச்சிருந்து தூக்கிப் போட்ருவாங்க" என்றாள், சட்டென்று, "போனைத்தான் சொல்றேன்" என்றாள். போனுக்கு என்ன வலி என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசுவதாகச் சொன்னாள். சின்னவனுக்கு மதிப்பெண் வந்துவிட்டதா என்று கேட்டாள், வேலை நேரத்தில் பேசிக்கொண்டிருக்காதே, உங்க மேடம் திட்டப் போறாங்க என்றாள். வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நடையில் நின்றேன். நான்தான் தள்ளினேன் என்று சொல்லியிருக்கலாம், முப்பத்தாறு வருஷத்தில் இன்னொரு தடவை சொல்லாமல் விட்டேன். சொல்ல வாயைத் திறந்தால் கெய்லி என்றுதான் வருகிறது, அவள் திருத்தட்டும் என்று, அவளுக்குத் திருத்துவது பிடிக்கும் என்று.

திரும்பி வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டி மிச்சம் மூன்று நிமிஷத்தையும் அடித்தேன். கீத்லியிலேயே இருக்க விரும்புகிறார், ஊரைத் தன் ஊராக நினைக்கிறார், அங்கிருக்கும் அந்திமக் காப்பகத்தில் இடம் கேட்டு எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு வார்த்தையையும் மனசு வழியாகச் சுற்றவிட்டு அடித்தேன், அதனால் இந்த மூன்று நிமிஷத்துக்குக் கால் மணி நேரம் ஆனது. கடைசியில் வழக்கமான இரண்டு வரி. தாமதத்தைத் தவிர்க்கக் கையெழுத்தின்றி அனுப்பப்படுகிறது. நகல்: நோயாளிக்கு. அந்த இரண்டு வரியை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேன், இன்றைக்குத்தான் அவை என்ன சொல்கின்றன என்று கேட்டேன். டாக்டர் இதைப் படிக்கப் போவதில்லை, நான் அனுப்பினால் நேராகத் தபாலுக்குப் போய்விடும். இதை முழுசாகப் படிக்கப் போகிறவர்கள் குடும்ப டாக்டரும் அவளும்தான். சனிக்கிழமை அவள் வீட்டுக் கதவின் தபால் துளை வழியாக இந்தக் கடிதம் உள்ளே விழும், அவள் குனிந்து எடுக்க நேரமாகும், எடுத்து, மாத்திரைக் காகிதத்தைப் படிப்பவள் இதைத் தேதியிலிருந்து படிப்பாள். நான் ஐந்தாவது நிமிஷத்துக்குப் போனேன். கொதிக்கும் கஞ்சிப் பானையைத் தானே இழுத்து மேலே கொட்டிக்கொண்டார். தோளில் தழும்பு எப்படி வந்தது என்பதால் கதிர்வீச்சில் ஒன்றும் மாறப் போவதில்லை, தழும்பு இருக்கிற இடமும் அளவும் அப்படியே இருக்கட்டும், அவற்றில் நான் கை வைக்கவில்லை. தானே இழுத்து என்பதை அழித்தேன். டாக்டர் சொன்ன வார்த்தையை அழிக்க அந்த விசையைப் பதினேழு வருஷத்தில் நான் அழுத்தியதில்லை. அண்ணன் தள்ளிவிட்டதில் என்று அடித்தேன். இங்கிலீஷில் சகோதரர் என்றால் மூத்தவனா இளையவனா தெரியாது, அதனால் மூத்த என்பதையும் சேர்த்தேன். ஐந்து வயதில், மூத்த சகோதரர் தள்ளிவிட்டதில், கொதிக்கும் கஞ்சி மேலே கொட்டியது. இது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், பதினேழு வருஷத்துப் பெயரும் போய்விடும், தெரிந்துதான் அடித்தேன். இதை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அந்த வரிக்கு வந்ததும் அடித்த விரல் யாருடையது என்று அவளுக்கு விளங்கிவிடும். அவள் கேட்டுக்கொண்டதை நான் மீறவில்லை என்று சொல்லிக்கொள்ளலாமா? மீறிவிட்டேன், அதுதான் உண்மை, ஆனால் அவளைத் தனியாக விட்டுவிட்டு எதுவும் தெரியாத மாதிரி என்னால் இருக்க முடியாது.

பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு மெஹர் மறுபடி வந்தாள். பிளாங்க் ஏதாவது இருக்கிறதா சார் என்றாள். இல்லை, இந்தத் தடவை எதையும் விடவில்லை என்றேன். அனுப்பினேன். திரையில் என் ஃபைல் இருந்த இடத்தில் அடுத்தது வந்து நின்றது, அதுவும் கீத்லிதான், அதற்கு நான் கை நீட்டவில்லை, பக்கத்து மேஜைப் பெண் எடுத்துக்கொண்டு என் லிஸ்ட்டைப் பார்த்து வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். இன்றைக்குப் புதன். வியாழன், வெள்ளி, சனிக்கிழமை கடிதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும், நான் முதலில் பேசப் போவதில்லை, அவள் பேசட்டும். நீ தள்ளலண்ணே, நான்தான் இழுத்தேன் என்றுதான் ஆரம்பிப்பாள்.